வேலை பெற்ற தந்தையும் பிள்ளையின் பங்கும்

வேலையின்றி அஸ்வெசும உதவியில் நாட்களைக் கழித்த தந்தைக்குக் கொழும்புக் கடையொன்றில் வேலை கிடைக்கின்றது. நோட்டன் பிரிட்ஜ் லயங்களில் இது புதிதன்று, மகிழ்ச்சிக்குரியதே. ஆயின், பிரிந்து வாழும் மனைவியிடம் வளரும் பிள்ளையின் நிலை யாது? என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர், தந்தை சம்பளம் பெறும் காலத்திலும் பஸ் காசின்றி வகுப்பிற்கு வாராதிருந்தார்.

1889 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்திற்குப் பதிலாக 1999 இல் வந்த 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டம், வசதியிருந்தும் பிள்ளையைக் காவாத தாயையோ தந்தையையோ மாதந்தோறும் பணம் செலுத்துமாறு நீதவான் பணிக்க வழிசெய்கின்றது. பெற்றோர் மணம் புரியாதிருப்பினும் பிள்ளையின் உரிமை அழியாது. 18 வயது கடந்து 25 நிறையாதவரும், தம்மைத் தாமே தாங்க இயலாதாயின், உதவி கோரலாம். மாணவர்கள் இதனை அறிந்திருத்தல் நன்று.

பலர் அறியாதது மற்றொன்று. வறுமை நாளில் விதித்த தொகை, சம்பளம் வந்ததும் தானே உயராது. வேலை போயின் தானே குறையவும் மாட்டாது. நிலைமை மாறியதை நீதவான் முன் எண்பித்தால் மாத்திரமே கட்டளை திருத்தப்படும். ஆகவே தாய்மார், தந்தையின் வேலைத்தலம், சம்பளம், பிள்ளையின் பாடசாலைச் செலவு ஆகியவற்றிற்கான சான்றுகளுடன் நீதவான் நீதிமன்றத்தை நாடுவாராக. தந்தையரும் தம் விருப்பப்படி பணத்தை நிறுத்தலாகாது. நிலுவை வைப்போரைச் சிறைக்கு அனுப்பவும் சட்டம் இடமளிக்கின்றது.

நீதிமன்றம் பணிக்கும்வரை காத்திருப்பானேன்? முதற் சம்பளத்தின் முதற் பங்கு பிள்ளைக்கு உரியதன்றோ!