துளியின் அளவும் வடிவும்

நீர்மம் ஒன்று தன் புறப்பரப்பின் இழுப்பினாலேயே ஒருங்கு திரண்டு, சூழ்ந்த காற்றினின்று தன்னைப் பிரித்து எல்லை வகுத்துக்கொண்ட சிறு திரளே துளி எனப்படும். குழாய் வாயினின்று கழன்று விழுவது சொட்டு. முகிலினுள் மிதப்பது முகில்துளி. அரை மில்லிமீட்டருக்குக் குறைந்த விட்டத்தோடு இறங்குவது தூறல். அதனினும் பெரியது மழைத்துளி. பெயர் எதுவாயினும் இவற்றின் அளவை வரையறுக்கும் முதன்மை விசைகள் இரண்டு: ஒன்று பரப்பு இழுவிசை, மற்றொன்று எடை. வானினின்று விழும் துளிக்குக் காற்றுத் தடை மூன்றாவதாக வந்து சேரும்.

நீர்மத்தின் உள்ளே உள்ள மூலக்கூற்றை அண்டைக் கூறுகள் எல்லாப் பக்கமும் ஒத்து இழுக்கின்றன. பரப்பில் உள்ளதற்கோ மேற்பக்கத் துணை இல்லாமையால் அது உள்நோக்கியே இழுபடுகிறது. இதனால் நீர்மம் தன் பரப்பை இயன்றவரை சுருக்கிக்கொள்ள முனைகிறது. ஒரே கொள்ளளவுடைய வடிவுகளுள் மிகக் குறைந்த பரப்புடையது உருண்டை ஆதலால், தடுப்பார் இல்லாத இடத்தில் துளி உருண்டையாகிறது. இச்சுருக்கம் உள்ளிருக்கும் நீரையும் நெருக்குகிறது. இவ்வழுத்தத்தை யங், இலாப்பிலாசு எனும் இருவரும் 1805-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கணக்கிட்டுக் காட்டினர்: இழுவிசையை இரட்டித்து ஆரையால் வகுத்தால் மிகையழுத்தம் கிடைக்கும். துளி சிறுக்கச் சிறுக்க நெருக்கடி மிகும் என்பது இதன் பொருள். விட்டம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கே உள்ள முகில்துளியினுள், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு மிகையாக அழுத்தம் நிற்கிறது.

குழாய் வாயில் தொங்கும் சொட்டு எப்போது கழலும்? வாயின் சுற்றளவு நெடுகப் பற்றிநிற்கும் இழுவிசையைத் தொங்கும் நீரின் எடை விஞ்சும்போது சொட்டு கழலும். தாமசு தேட்டு என்பார் 1864-இல் இதனை ஆய்ந்து நிறுவினார். தொங்கிய நீர் முழுதும் விழுவதில்லை, ஒரு பகுதி வாயிலேயே தங்கிவிடும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. ஆகவே சொட்டின் பருமை குழாய் வாயையும் நீர்மத்தையும் பொறுத்தது. மருத்துவமனையில் குருதிக்குழாய் வழி நீர்மம் ஏற்றும் குழாய்த்தொகுதியில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு என்பது ஒரு வகை, 60 சொட்டு என்பது குழந்தைகளுக்கும் நுண்ணளவு மருந்துக்கும் உரிய வகை. முதல் வகையில் 500 மில்லிலிட்டரை நான்கு மணி நேரத்தில் ஏற்ற, மணித்துளிக்கு ஏறத்தாழ 42 சொட்டுகள் விழ வேண்டும். நீருக்கு மாறாக எரிசாராயத்தை இட்டாலோ, அதன் இழுவிசை நீரினதில் மூன்றில் ஒரு பங்கிற்கும் குறைவாகலின், சொட்டுகள் சிறுத்து எண்ணிக்கை பெருகும். இன்ன நீர்மம், இன்ன குழாய் என்று குறியாமல் 'பத்துச் சொட்டு' என்று மட்டும் சொல்வது அளவே ஆகாது.

மெல்லிய நீர்த்தாரை துளித்துளியாய் அறுவதும் இவ்விழுவிசையின் செயலே. தாரையின் நீளம் அதன் சுற்றளவை விஞ்சியதும் அது நிலைகொள்ளாது என்று 1873-இல் வெளிவந்த தம் நூலில் காட்டியவர் பெல்சிய நாட்டுப் பிலாட்டோ. கண்ணொளி இழந்த பின்னும் பிறர் கண் துணையால் ஆய்ந்தவர். தொழிலோ அறிவியலுக்கு முன்னே சென்றிருந்தது. பிரிசுட்டல் நகரத்து வில்லியம் வாட்சு, உருக்கிய ஈயத்தைச் சல்லடை வழி உயரத்தினின்று விழவிட்டு, கீழே நீரில் ஏந்தி, வேட்டைத் துமுக்கிக்குரிய உருண்டைக் குண்டுகளைச் செய்யும் முறைக்கு 1782-இலேயே காப்புரிமை பெற்றார்.

இனி மழை. தூய காற்றில் நீராவி தானே துளியாவது அரிது. தூசு, புகை, கடலுப்பு ஆகியவற்றின் நுண்துகள்களைப் பற்றியே முகில்துளி பிறக்கிறது. அது நொடிக்கு ஒரு சென்டிமீட்டர் அளவே இறங்குவதால் மிதப்பதாகவே தோன்றும். விட்டத்தில் நூறு மடங்கு பெருத்தால்தான் இரண்டு மில்லிமீட்டர் மழைத்துளி ஆகும். எனில், பத்து இலக்கம் முகில்துளிகளின் நீர் ஒன்றுசேர வேண்டும். விழும் துளியின் எடைக்குக் காற்றுத் தடை ஈடாகும்போது விரைவு மேலும் கூடாது நிற்கும்; இதனை முற்றுவிரைவு எனலாம். ஒரு மில்லிமீட்டர்த் துளிக்கு அது நொடிக்கு 4 மீட்டர், இரண்டு மில்லிமீட்டர்த் துளிக்கு ஆறரை மீட்டர், ஐந்து மில்லிமீட்டர்த் துளிக்கு ஏறத்தாழ 9 மீட்டர். காற்றே இல்லையேல் ஒரு கிலோமீட்டர் உயரத்தினின்று விழும் துளி நொடிக்கு 140 மீட்டர் விரைவோடு நம் தலையைத் தாக்கும்.

மழைத்துளியை அளந்தவர்களுள் அமெரிக்க நாட்டு வெர்மான்டைச் சேர்ந்த உழவர் வில்சன் பெண்ட்லியை நான் முதலில் வைப்பேன். பனித்துகள்களின் ஒளிப்படங்களால் அறியப்பட்ட அவர், தட்டில் பரப்பிய நுண்மாவில் மழையைச் சில நொடிகள் விழவிட்டு, திரண்ட மாவுருண்டைகளை அளந்து, துளிகளின் பருமையை 1904-இல் வெளியிட்டார். கருவி எளிது, அளவையோ பழுதற்றது.

வடிவைப் பற்றி ஒரு குறை சொல்ல வேண்டும். ஒரு மில்லிமீட்டருக்குட்பட்ட துளி ஏறத்தாழ உருண்டையே. அதனினும் பெருத்தால் கீழிருந்து தாக்கும் காற்றால் அடி தட்டையாகி, மேல் வளைந்து, கவிழ்த்த கிண்ணம் போலாகும். ஐந்து மில்லிமீட்டரைக் கடந்தால் அடி உட்குழிந்து, நடுப்பகுதி மெல்லிய சவ்வாய் மேல்நோக்கி உப்பி, பல துளிகளாய் உடையும். பெருமழையிலும் துளி மிகப் பெருக்காமைக்கு ஏது இதுவே. ஆயினும் பாடநூல்களிலும் வானிலைப் படங்களிலும் மழைத்துளி இன்றும் மேலே கூர்முனையோடு வரையப்படுகிறது. காற்றில் விழும் எந்த மழைத்துளிக்கும் அவ்வுரு இல்லை. தமிழில் அறிவியல் நூல் எழுதுவோரும் அவற்றுக்குப் படம் வரைவோரும் அக்கூர்முனையை நீக்கி, சிறுதுளியை உருண்டையாகவும் பெருந்துளியை அடி தட்டையாகவும் வரைந்து காட்டுவார்களாக.