பகல் போதாத செம்பருத்தி

விதை விற்பவர்கள் 'ஹார்டி ஹைபிஸ்கஸ்' என்று ஒரு செம்பருத்தியின் படத்தைப் போட்டு ஆசை காட்டுகிறார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒற்றைப் பூ. படம் பொய்யில்லை, 25 சென்டிமீட்டர்வரை விரியும் ரகங்கள் உண்டு. 'எதையும் தாங்கும்' என்ற வாக்கியத்தை மட்டும் மைசூர்க்காரர்கள் கொஞ்சம் யோசித்துப் படிக்க வேண்டும். அந்தச் செடி தாங்குவது உறைபனியை. சாமுண்டி மலை அடிவாரத்தில் உறைபனிக்கு எங்கே போவது? மார்கழி விடியலில்கூட ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொள்ளும் குளிர்தான் இங்கே.

ஹைபிஸ்கஸ் மாஸ்கியூட்டோஸ் என்பது அதன் தாவரவியல் பெயர். வட அமெரிக்காவின் கிழக்குப் பகுதிச் சதுப்பு நிலங்கள்தான் பூர்வீகம். குளிர்காலம் வந்தால் தண்டு முழுவதும் மடிந்து, தரைக்குமேல் சருகுதான் மிஞ்சும். வேரும் அதன் தலைப்பகுதியும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். மைனஸ் 25 டிகிரிக் குளிரைக் கடந்தும் வசந்தத்தில் புதுத் தளிர் எழும்பும். நம் செம்பருத்திக்கு ஓர் இரவு உறைபனியே போதும், கதை முடிந்துவிடும்.

இப்படி ஆண்டுக்கு ஒருமுறை தரைமட்டத்துக்கு மடியும் செடிக்குக் காலக்கெடு முக்கியம். கோடையில் பூத்து, பனிக்கு முன் விதையை முற்ற வைத்தாக வேண்டும். கோடை வந்துவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது? வெயிலை நம்ப முடியாது. ஒரு வாரம் காய்ந்து மறுவாரம் குளிரும். ஆண்டுதோறும் பிசகாமல் வருவது பகலின் நீளம் ஒன்றுதான். இலைகளில் உள்ள பைட்டோகுரோம் என்ற நிறமிப் புரதம் இருட்டு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கணக்கெடுக்க உதவுகிறது. கணக்கு சரியாக வந்தால் இலையில் ஒரு புரதம் உருவாகி, தண்டு வழியாக நுனிக்குப் போய், 'இலை போதும், மொட்டு வை' என்று உத்தரவிடும். அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னரும் அல்லார்டும் இந்தப் பகல் கணக்கை 1920இல் வெளியிட்டார்கள். அவர்களுக்கு வழிகாட்டியது, கோடை முழுக்கப் பூக்காமல் வளர்ந்துகொண்டே போன ஒரு புகையிலை ரகம்.

இனி மைசூருக்கு வருவோம். 12 டிகிரி வடக்கில் இருக்கும் ஊர். ஜூன் மாதத்து மிக நீண்ட பகலே ஏறக்குறைய 12 மணி 50 நிமிடம்தான்; டிசம்பரில் 11 மணி 25 நிமிடம். வாஷிங்டனில் ஜூன் பகல் ஏறக்குறைய 15 மணி நேரம். நீண்ட பகலுக்குப் பழகிய செடி, விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நிற்கும் நம் ஊர்ப் பகலைப் பார்த்துத் தயங்குவதில் வியப்பில்லை. உரத்தைக் கூட்டினால் இலைதான் கூடும்.

இதே பேரினத்தில் நேர் எதிரான கணக்குப் போடும் செடி ஒன்று நம் சமையலறைவரை வருகிறது: புளிச்சகீரை. இது பகல் குறைவதற்குக் காத்திருக்கும். ஏறக்குறைய பன்னிரண்டரை மணி நேரத்துக்குக் கீழே பகல் இறங்கினால்தான் பூக்கும் ரகங்கள் உண்டு. மைசூரில் அந்த எல்லை ஆகஸ்ட் நடுவில் வருகிறது. அதனால்தான் ஆனியில் விதைத்த கீரை ஆவணிவரை இலையாகத் தள்ளிவிட்டு, பிறகு தண்டு முற்றி, நடுவில் கருஞ்சிவப்புப் பொட்டு வைத்த வெளிர்மஞ்சள் பூக்களைக் காட்டுகிறது. கன்னடர்கள் தாசவாளம் என்று காம்பவுண்டு ஓரம் நட்டுவைக்கும் சாதாரணச் செம்பருத்தியோ இந்த வம்புக்கே போவதில்லை. வெயிலும் தண்ணீரும் இருந்தால் ஆண்டு முழுதும் பூஜைக்குப் பூ கொடுக்கும்.

மைசூரில் குளிர் தாங்கும் செம்பருத்திதான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு என் சிபாரிசு வேறு. தென்சீனாவிலிருந்து வந்த ஹைபிஸ்கஸ் மியூட்டபிலிஸ். இதுவும் பனியில் கருகி வேரிலிருந்து துளிர்க்கக் கூடியது. பனியே இல்லாத இடத்தில் சிறு மரமாகிவிடும். தசராவை ஒட்டிய மாதங்கள்தான் அதன் பருவம். பூ காலையில் பால் வெள்ளை. மதியம் பார்த்தால் இதழ் ஓரங்களில் ரோஜா நிறம் ஏறியிருக்கும். மாலையில் ஆழ்ந்த சிவப்பு. மறுநாள் அது சுருண்டு கிடக்க, பக்கத்திலேயே புது வெள்ளைப் பூ விரியும். ஒரே கிளையில் நேற்றும் இன்றும். பூ திறந்த பிறகு இதழ்களுக்குள் ஆந்தோசயனின் என்ற சிவப்பு நிறமி தயாராவதுதான் இதற்குக் காரணம். தயாரிப்பின் வேகம் வெப்பத்தைப் பொறுத்தது. காலையில் ஒரு பூவைப் பறித்து ஃபிரிட்ஜில் வைத்துப் பாருங்கள், மாலையிலும் வெள்ளையாகவே இருக்கும். வெளியே எடுத்து வைத்தால் மெல்லச் சிவக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதற்காகவே ஒரு செடி வைக்கலாம். மழைக்காலத்தில் பென்சில் தடிமனில் ஒரு குச்சி ஒடித்து நட்டாலே போதும்.

தட்டுப் பூவை விடவே மனமில்லையா? விதையின் ஓடு கெட்டியானது. லேசாக உரசிவிட்டு, வெதுவெதுப்பான நீரில் ஓரிரவு ஊறவைத்து ஊன்றுங்கள். சதுப்புநிலச் செடி என்பதால், மற்ற தொட்டிகளுக்குக் கூடாது என்று சொல்லும் தண்ணீர்த் தட்டை இதற்கு அடியில் தாராளமாக வைக்கலாம். நாள் முழுக்க வெயில் வேண்டும். மொட்டுக் கட்டவில்லை என்றால் இரவு பத்திலிருந்து இரண்டு மணிவரை மேலே ஒரு பல்பு எரியவிட்டுப் பாருங்கள். நீண்ட இருட்டை நடுவில் உடைத்துவிட்டால் செடிக்கு அது கோடைக்காலக் குட்டி இரவு. ஓசூர்ப் பக்கம் சாமந்தி வளர்க்கும் பசுமைக்குடில்கள் இரவில் விளக்கெரிய நிற்பதும் இந்தத் தந்திரத்தால்தான். ஆனால் சாமந்தி குறும்பகல் செடி. அங்கே விளக்கு எரிவது காம்பு போதிய நீளம் வளரும்வரை பூக்கவிடாமல் தடுக்க. உங்கள் பல்பு வெளிச்சம் பக்கத்துப் பாத்தியில் இருக்கும் புளிச்சகீரை மேல் விழுந்தாலும் அதுதான் நடக்கும்: பூப்பதைத் தள்ளிப்போட்டு இலை விட்டுக்கொண்டிருக்கும். துவையலுக்கு அது லாபம்தான்.