ராஜாவையே கேள்வி கேட்டவங்க!

'சங்க இலக்கியத்துல பெண்'னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? பசலை படர்ந்து, கை வளையல் கழன்று விழ, தலைவன் எப்ப வருவான்னு வழி பார்த்துக்கிட்டே நிக்கிற தலைவி... கரெக்ட்டா? பரீட்சைக்குப் படிச்சது அவ்வளவுதான். ஆனா, அது பாதிக் கதைதான் ஃப்ரெண்ட்ஸ். மீதிப் பாதியில இருக்கறவங்க, அரசன் முகத்துக்கு நேரா பேசினவங்க!

சங்கப் பாடல்களைப் பாடிய புலவர்கள் 473 பேர் என்பது வழக்கமான கணக்கு. அதில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் பெண்கள். மூணு பேரை மட்டும் இப்போ சந்திக்கலாமா?

ஜெயிச்சவனுக்கு ஒரு கேள்வி

முதல்ல வெண்ணிக்குயத்தியார். இவரோட சொந்தப் பேரே நமக்குத் தெரியாது. வெண்ணிங்கறது ஊர். இன்னிக்கு திருவாரூர் மாவட்டத்துல, நீடாமங்கலம் பக்கம் இருக்கற கோவில்வெண்ணி. குயத்தின்னா மண்பாண்டம் செய்யற குடியில பிறந்தவர். அந்த ஊர்லதான் கரிகால் சோழன் பெரிய போர்ல ஜெயிச்சான். எதிர்த்து நின்ற சேர மன்னன் பெருஞ்சேரலாதனுக்கு முதுகில் புண். அந்தக் காலத்துல அதைவிட அவமானம் வேற இல்லை. வெட்கம் தாங்காம, வடக்கு நோக்கி உட்கார்ந்து பட்டினி கிடந்தான்.

ஜெயிச்ச ராஜாவைப் புகழ்ந்தா பரிசு கிடைக்கும். குயத்தியாரும் கரிகாலனைப் புகழத்தான் செய்கிறார். உன் முன்னோர் காற்றை வசப்படுத்திக் கப்பல் ஓட்டியவர்கள், நீ போரில் வென்றவன் என்றெல்லாம் ஏற்றிச் சொல்லிவிட்டு, கடைசியில் போடுகிறார் ஒரு கேள்வி... மானத்துக்காக வடக்கிருந்த அந்தச் சேரன், உன்னைவிட ஒரு படி மேல் இல்லையா என்று! படை கிடையாது, பதவி கிடையாது. போர் நடந்த ஊர்க்காரர் என்பதைத் தவிர வேறு பலம் எதுவும் இல்லாத ஒரு பெண், வெற்றி வேற, பெருமை வேறன்னு சோழனுக்கே சொல்லிட்டார்.

ஆயுதசாலையில் ஒரு நக்கல்

அடுத்தவர் ஔவையார். ஆத்திசூடி பாடின ஔவை வேற, அவர் பல நூற்றாண்டு பிந்தியவர். இவர் தகடூர் மன்னன் அதியமான் நெடுமான் அஞ்சியின் தோழி. அதியமானுக்கும் தொண்டைமானுக்கும் போர் மூளும் நேரம். அதியமான் தூது அனுப்பியது யாரை? ஔவையைத்தான்! 

தொண்டைமான் பயமுறுத்தற மாதிரி தன் ஆயுதசாலையைச் சுத்திக் காட்டினான். ஔவை அசரலையே! உன் ஆயுதமெல்லாம் மயில்பீலி சூடி, நெய் பூசி, காவலோட பத்திரமா இருக்கு... எங்க ராஜாவோட ஆயுதங்கள்தான் பாவம், நுனி முறிஞ்சு கொல்லன் பட்டறையில கிடக்குன்னார். கேட்டா புகழ்ச்சி, யோசிச்சா செம நக்கல். உனக்குப் போர் அனுபவமே இல்லப்பான்னு நாசூக்கா சொல்லிட்டார்!

ராணியின் சாப்பாடு

மூணாவது பெருங்கோப்பெண்டு. பாண்டியன் பூதப்பாண்டியனோட மனைவி. கணவன் இறந்ததும் அவனோட தீயில் இறங்கக் கிளம்பறாங்க. சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவர்களிடமே சீறுகிறார் ராணி. என்ன சொல்லி? கைம்பெண்ணா வாழ்ந்தா நெய் கிடையாது, தண்ணியில கிடந்த சோத்தைப் பிழிஞ்சு, எள்ளுத் துவையலும் வேளைக்கீரையும் சேர்த்துத் தின்னணும், பாய்கூட இல்லாம பரல் கல் மேல படுக்கணும். அதுக்கு இந்தத் தீயே தாமரைக் குளம் மாதிரிங்கறார்.

'ஆஹா, என்ன வீரம்!'னு கை தட்டிட்டுப் போயிடறது ஈஸி. ஆனா நிதானமா யோசிங்க. கிட்டத்தட்ட பாதிப் பாட்டு அந்தச் சாப்பாட்டையும் படுக்கையையும் பற்றியதுதான். ராணிக்கே அந்த நிலைமைன்னா, மத்த பெண்களுக்கு? அவருக்குக் குரல் இருந்தது, வழிதான் இல்லை. 'பொற்காலம்'னு நாம பெருமை பேசும்போது இந்தப் பாட்டையும் மறக்கக்கூடாது. அவர் வாய் திறக்கலைன்னா, அந்தத் தட்டுல என்ன இருந்ததுன்னு நமக்குத் தெரிஞ்சே இருக்காது.

உங்க டர்ன்!

இந்த மூணு பேரும் கையில் வாள் எடுக்கலை. நினைச்சதைச் சொன்னாங்க, அவ்வளவுதான். ஓலையில் தங்கி, 1894-ல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றை அச்சில் கொண்டு வந்ததால், இன்னிக்கும் அந்தக் குரல் நம்மகிட்ட இருக்கு.

கிளாஸ்ல ஒரு பொண்ணு எழுந்து மாத்துக் கருத்து சொன்னா, 'ஓவரா பேசறாப்பா'ன்னு பின் பெஞ்சுலேர்ந்து கமென்ட் வருதா? வெண்ணிக்காரரைப் பத்தி அவங்களுக்குச் சொல்லுங்க. தொண்டை வரைக்கும் வந்த கேள்வியை முழுங்கிட்டு உட்கார்ந்துடற ஆளா நீங்க? அப்போ உங்களுக்கு நீங்களே சொல்லிக்குங்க.

காலேஜ் லைப்ரரியில் புறநானூறு கண்டிப்பா இருக்கும். 66, 95, 246... மூணு பாட்டும் சேர்ந்து நாற்பது வரிகூட வராது. கேன்டீன் டீ ஆறுறதுக்குள்ள படிச்சிடலாம்!