பாசி சொன்ன சாட்சி

மழைக்காலம் வந்துவிட்டது. கிணற்றடியிலும் பழைய மதில் சுவரிலும் பச்சைப் பாசி படர்கிறது. கால் வைத்தால் வழுக்கும். யாரும் அதை மதிப்பதில்லை. சுரண்டி எறிந்துவிடுவார்கள்.

ஆனால், சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மனிதன் எந்தப் பக்கமிருந்து வந்தான் என்பதைப் பாசிதான் காட்டிக் கொடுத்தது. எப்படி?

குளத்து நீரில் மிதக்கும் பாசி வேறு. சுவரில் மெத்தை போல் வளரும் பாசி வேறு. சுவர்ப் பாசி என்பது சின்னஞ்சிறு செடிகளின் கூட்டம். ஒவ்வொரு செடிக்கும் தண்டும் இலைகளும் உண்டு. பூ கிடையாது. விதையும் கிடையாது.

உலகில் ஏறக்குறைய 12,000 வகைப் பாசிச் செடிகள் உள்ளன. பல வகைகள் கண்ணுக்கு ஒன்று போலவே தெரியும். புதிதாகப் படிப்பவருக்கு 'ல', 'ள' இரண்டும் குழப்பம் தருமே, அதுபோலத்தான். உற்றுப் பார்த்தால் வேறுபாடு தெரியும்.

இலையைப் படிப்பது எப்படி?

ஊசி முனையால் ஒரே ஓர் இலையைப் பிரித்து எடுப்பார்கள். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு அதில் இலையை வைப்பார்கள். பிறகு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நுண்ணோக்கி சிறியதைப் பல நூறு மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

பெரும்பாலான பாசிகளின் இலை மிக மெல்லியது. ஒரே ஒரு செல் கனம்தான் இருக்கும். அதனால் வெளிச்சம் ஊடுருவும். செல்கள் தேன்கூட்டு அறைகள் போலத் தெளிவாகத் தெரியும்.

பிறகு ஒவ்வொன்றாகக் கவனிப்பார்கள். இலையின் நடுவில் நரம்பு உண்டா? அது நுனி வரை போகிறதா? விளிம்பில் பற்கள் உண்டா? செல்கள் நீளமா, உருண்டையா? இவற்றைக் கொண்டு எந்த வகை என்று முடிவு செய்வார்கள்.

பனியில் கிடைத்த மனிதன்

1991-ஆம் ஆண்டு, ஆஸ்திரியா - இத்தாலி எல்லையில் உள்ள ஆல்ப்ஸ் மலையில் ஓர் உடல் கிடைத்தது. இடத்தின் உயரம் 3,200 மீட்டருக்கும் மேல். பனியில் உறைந்திருந்ததால் உடல் அழுகவில்லை. அவனுக்கு 'ஓட்சி' என்று பெயர் வைத்தார்கள்.

ஓட்சியின் உடைகளிலும் குடலிலும் பாசித் துணுக்குகள் இருந்தன. ஜேம்ஸ் டிக்சன் என்னும் தாவர அறிஞர் அவற்றை ஆராய்ந்தார். ஒரு துணுக்கு தட்டையான இலை. தெளிவான நடு நரம்பு இல்லை. நுனியில் சிறிய முனை. அது 'நெக்கெரா' என்னும் பாசியின் ஒரு வகை. அந்தப் பனி உச்சியில் அது வளராது. தெற்கே, கீழே உள்ள பள்ளத்தாக்குக் காடுகளில் வளர்வது. ஆகவே ஓட்சி தெற்கிலிருந்து ஏறி வந்தவன் என்று தெரிந்தது. பாசியை யாரும் உணவாகத் தின்பதில்லை. உணவைப் பாசியில் பொதிந்து வைத்திருப்பான். அதோடு சேர்ந்து உள்ளே போயிருக்கும்.

இன்னொரு துணுக்கு 'ஸ்பாக்னம்' என்னும் சதுப்புநிலப் பாசி. இதன் இலையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. ஒன்று மெலிந்த பச்சைச் செல். மற்றொன்று துளையுள்ள பெரிய வெற்றுச் செல். இந்த வெற்றுச் செல்கள் தண்ணீரைப் பஞ்சு போல் உறிஞ்சும். ஓட்சியிடம் கிடைத்த வகையில், செல் சுவரில் சீப்பின் பற்கள் போன்ற வரிகள் உண்டு. அந்தச் சீப்புதான் அதன் அடையாளம்.

ஓட்சியின் வலது கையில் ஆழமான வெட்டுக்காயம் இருந்தது. அதில் இந்தப் பாசியை வைத்துக் கட்டியிருக்கலாம் என்பது டிக்சனின் கருத்து. 1914 முதல் 1918 வரை நடந்த முதல் உலகப் போரில்கூட, சிப்பாய்களின் புண்களுக்கு ஸ்பாக்னம் வைத்துக் கட்டினார்கள்.

ஓட்சி எழுதி வைத்தது எதுவும் இல்லை. அவனுக்காக இலைகள் சாட்சி சொல்லின.

அடுத்த மழையில், சுவர்ப் பாசியில் ஒரு துளி கிள்ளி எடுங்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். இலையின் நுனி கூராக இருக்கிறதா? நடுவில் நரம்பு ஓடுகிறதா?