மதுரைக்குப் போய் ‘மனு’ பார்க்கும் குடும்பங்கள்... சிறைத்துறையில் என்ன மாறியிருக்கிறது?

நாச்சியாபுரத்துக்காரர் ஒருவர் மதுரை மத்திய சிறையில் இருக்கிறார் என்றால், அந்த வீட்டுக்கு ஒரு நாள் முழுக்க வேண்டும். காலையில் பஸ் ஏறி, திருப்பத்தூர், மேலூர் தாண்டி மாட்டுத்தாவணி. அங்கிருந்து டவுன் பஸ்ஸில் அரசரடி. ஆதாரைக் காட்டி மனு போட்டு, பெயர் கூப்பிடும்வரை காத்திருந்தால், பேசக் கிடைப்பது சில நிமிடங்கள். வீடு திரும்ப இருட்டிவிடும். அன்றைய கூலி போச்சு, பஸ் காசு தனி.

இப்போது ‘சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை’ என்ற பெயரில் இயங்கும் தமிழ்நாடு சிறைத்துறை, கடந்த சில ஆண்டுகளில் நிறைய செய்திருக்கிறது. கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்க், சிறை பஜார், 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் கைதிகளுக்காகப் புத்தகம் திரட்டிய ‘கூண்டுக்குள் வானம்’ அரங்கு, அதே ஆண்டில் மாற்றப்பட்ட சாப்பாட்டுப் பட்டியல் எனப் பலவற்றையும் போட்டோவோடு பார்த்திருப்பீர்கள். எல்லாமே நல்லவைதான். ஆனால், மேலே சொன்ன குடும்பத்துக்கு உண்மையில் உதவியது போட்டோவில் வராத இரண்டு விஷயங்கள்.

முதலாவது, போன். மாதத்துக்கு 10 முறை, ஒவ்வொரு முறையும் 12 நிமிடம் வரை வீட்டாருடன் பேசலாம் என்று 2023-ல் நேரம் கூட்டப்பட்டது. வீடியோ கால் வசதியும் சேர்ந்தது. பஸ் ஏற முடியாத வயதான அம்மா இனி பிள்ளையின் முகத்தைப் பார்க்கலாம். இரண்டாவது, மனு பார்க்கும் அறை. கம்பி வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கூட்டமாக நின்று கத்திய காலம் போய், மத்திய சிறைகளில் இன்டர்காமில் பேசும் வசதி வந்திருக்கிறது. வீட்டுக் கஷ்டத்தை ஊருக்கே கேட்கும்படி சொல்ல வேண்டியதில்லை என்பதே பெரிய மரியாதை.

நம் மாவட்டத்திலேயே இன்னொரு வகைச் சிறையும் இருக்கிறது. காளையார்கோவில் பக்கம் புரசடைஉடைப்பில் உள்ளது திறந்தவெளிச் சிறை. உயர்ந்த மதில் கிடையாது. நன்னடத்தை உள்ள தண்டனைக் கைதிகளைத் தேர்ந்தெடுத்து அனுப்புகிறார்கள். அவர்கள் விவசாயம் பார்க்கிறார்கள், ஆடு மாடு வளர்க்கிறார்கள். தண்டனைக் குறைப்புச் சலுகையும் கூடுதல். இங்கிருந்து தப்பியோடியவர்களும் உண்டு; அந்தச் செய்தி வரும்போது மட்டும்தான் பலருக்கு இந்த இடமே ஞாபகம் வருகிறது. ஓடாமல் தினமும் வரப்பு வெட்டிக்கொண்டிருப்பவர்களைப் பற்றி யார் செய்தி போடுகிறார்கள்?

எல்லாம் சரியாகிவிட்டது என்றும் சொல்ல முடியாது. வேலூர் மத்திய சிறையில் ஆயுள் கைதி ஒருவரை அதிகாரியின் வீட்டு வேலைக்குப் பயன்படுத்தி, அடித்ததாகப் புகார் எழுந்தது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகே சி.பி.சி.ஐ.டி. விசாரணை வந்தது.

அதைவிடப் பெரிய சிக்கல், உள்ளே இருப்பவர்களில் பெரும்பாலோர் தண்டனை பெறாதவர்கள் என்பது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். இவர்களில் ஜாமீன் கிடைத்தும் வெளியே வர முடியாதவர்களும் இருக்கிறார்கள். 1942 ஆகஸ்ட்டில், கைதான சின்ன அண்ணாமலையைத் திருவாடானை சிறையை உடைத்தே மீட்டு வந்தவர்கள் நம் பகுதி மக்கள். இன்று அதே கதவு திறக்க இரண்டு ஜாமீன்தாரர்களும் சொத்து ஆவணமும் வேண்டும். கூலிக்குப் போகும் வீட்டில் சொத்துக்கு எங்கே போவது?

இதற்கு வழி இருக்கிறது. ஜாமீன் கிடைத்து 7 நாளில் ஒருவர் வெளியே வரவில்லையென்றால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்கவில்லையென்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றம் தானே பரிசீலிக்கலாம். ஏழைக் கைதிகளுக்காக மத்திய அரசு 2023-ல் கொண்டுவந்த திட்டத்தில், ஜாமீன் தொகைக்கு 40,000 ரூபாய் வரையும், அபராதம் கட்ட 25,000 ரூபாய் வரையும் உதவி என்று வரம்பு வைத்தார்கள். போதைப்பொருள், ஊழல் போன்ற சில வழக்குகளுக்கு இது கிடையாது. விண்ணப்பத்தை மாவட்ட அளவிலான குழு பார்த்து முடிவெடுக்கும்.

இன்னொன்று, புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்-ன் 479-வது பிரிவு. முதல்முறை வழக்கில் சிக்கியவர், அந்தக் குற்றத்துக்கான அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கு காலத்தை விசாரணைக் கைதியாகவே கழித்துவிட்டால், அவரை ஜாமீனில் விட வேண்டும். இந்தச் சட்டம் அமலான 2024 ஜூலைக்கு முந்தைய வழக்குகளுக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கும், ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் உள்ளவர்களுக்கும் இந்தச் சலுகை இல்லை.

இவற்றைக் கேட்டுப் பெற வக்கீலுக்குப் பணம் வேண்டுமே என்று யோசிக்க வேண்டாம். காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பே பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பது சட்டப்படியான உரிமை. சிவகங்கையில் உள்ள மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் போதும். அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்கு போன் செய்யலாம். அழைக்கும்போது வழக்கு எண், காவல் நிலையத்தின் பெயர், சிறைக்குப் போன தேதி மூன்றையும் ஒரு சீட்டில் எழ்திக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.