வேலை நாளுக்குள்ளேயே நலம்

நடை, உணவு, மனம் ஆகிய மூன்றையும் தனித்தனியாகப் பேசி முடித்த பிறகு வாசகர் மனத்தில் ஒரு கேள்வி எழுவது இயல்பு: இதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? சென்னையின் மேற்குப் புறநகரில் இந்தக் கேள்விக்குக் கனம் அதிகம். 1949-இல் டிஐ சைக்கிள்ஸ் ஆலை அம்பத்தூரில் எழுந்தது. 1960-களில் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் வந்தன. அன்று முதல் இந்த வட்டாரத்தின் வாழ்க்கை சங்கு ஊதும் நேரத்தைச் சுற்றியே அமைந்துவிட்டது. லேத் பட்டறை, உதிரிபாகக் கம்பெனி, ஏற்றுமதி ஆடை நிறுவனம், ஐ.டி. அலுவலகம் என எங்கே வேலை செய்தாலும், எட்டு மணி நேர ஷிஃப்டோடு ஓவர்டைமும் சி.டி.எச். சாலை நெரிசலும் சேர்ந்துகொள்கின்றன. பூந்தமல்லியில் நின்று கம்பெனி பஸ் ஏறுபவருக்கும் இதே கதிதான். மிஞ்சுகிற நேரம் தூக்கத்துக்கே காணாது. ஆகவே மிஞ்சிய நேரத்தில் நலத்தைத் தேடச் சொல்லும் அறிவுரை இங்கே பலிக்காது. வேலை நாளுக்குள்ளேயே அதற்கு இடம் ஒதுக்க வேண்டும். அந்தப் பொறுப்பில் பாதி தொழிலாளியுடையது, பாதி நிர்வாகத்துடையது. இதுவே இந்த வாரம் நான் வைக்கும் வாதம்.

முதலில் நிலைமையின் அளவைப் பார்ப்போம். 2020-இல் தமிழக அரசு நடத்திய மாநிலந்தழுவிய ஆய்வில், வயது வந்தவர்களில் மூவரில் ஒருவருக்கு உயர் ரத்த அழுத்தமும், ஏறத்தாழ ஆறில் ஒருவருக்குச் சர்க்கரை நோயும் இருப்பது தெரிந்தது. நோயின் பரவலைவிட அடுத்த எண்தான் அதிகம் கலங்க வைத்தது: ரத்த அழுத்தம் உள்ளவர்களில் அதைக் கட்டுப்பாட்டில் வைத்திருந்தவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர்கூட இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனது. ஆனால் தன்னார்வலர் கதவைத் தட்டும் நேரத்தில் தொழிலாளி இயந்திரத்தின் முன் நிற்கிறார். அந்த இடைவெளியை அடைக்கவே பணியிடத்துக்குப் போய்ப் பரிசோதிக்கும் திட்டமும் பின்னர் வந்தது. நோயைத் தேடிப் பணியிடத்துக்குப் போகலாம் என்றால், நோய் வராமல் தடுக்கும் வேலையையும் அங்கேயே தொடங்கலாம்.

இது வெறும் ஆசை இல்லை, ஆதாரம் உண்டு. 1953-இல் ஜெரமி மோரிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஒப்பிட்டார். நாள் முழுக்க உட்கார்ந்திருந்த ஓட்டுநர்களைவிட, மாடிப் பஸ்ஸில் ஏறி இறங்கிய நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்தது. அரை நூற்றாண்டு கழித்து நம் சென்னையிலேயே டாக்டர் அ. ராமச்சந்திரன் குழு இன்னும் உறுதியான சான்றைத் தந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரைப் பணியிடங்கள் வழியாகச் சேர்த்து, சுமார் முப்பது மாதம் தொடர்ந்தார்கள். 2006-இல் முடிவு வெளியானது. வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. தினமும் அரை மணி நடை, உணவில் திருத்தம் என்று வழிநடத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை தந்த பலனும் ஏறக்குறைய அதே அளவுதான். இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு: நடந்தவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவில்லை, ஆனாலும் நோய் தள்ளிப்போனது. எடை மெஷினைப் பார்த்து மனம் சோர்ந்து நடையை நிறுத்திவிடுபவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

'நாங்கள் நாளெல்லாம் நின்று உழைக்கிறோம், எங்களுக்கு எதற்கு உடற்பயிற்சி?' என்று தொழிலாளர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. உடல் வியர்க்க உழைப்பவர்களிடம் சென்னை ஆய்வாளர்களும் கூடுதல் நடையை வற்புறுத்தவில்லை. செய்வதைத் தொடரச் சொன்னார்கள். ஆனால் இன்றைய ஆலை வேலையில் பெரும்பகுதி ஒரே இடத்தில் நிற்பதும், ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதும்தான். இதயமும் நுரையீரலும் அதனால் வலுப்பெறுவதில்லை. காலும் இடுப்பும் மட்டும் தேய்கின்றன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்த கோபன்ஹேகன் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. ஓய்வு நேர உடலசைவு இதய நோயைக் குறைக்கிறது, கடுமையான வேலை நேர உழைப்போ அதைக் கூட்டுகிறது என்றது அது. இளைப்பாற இடமில்லாமல் நாள் முழுக்க நிற்பதும் தூக்குவதும் ரத்த அழுத்தத்தை இறங்கவிடுவதில்லை என்பது ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கங்களில் ஒன்று. ஆகவே நின்று வேலை செய்பவருக்கு வேண்டியது கை வீசி நடக்கும் நடையும், அதற்குப் பின் உட்கார ஒரு நாற்காலியும். உட்கார்ந்தே வேலை செய்பவருக்கு மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கும் வழக்கம் வேண்டும்.

நேரத்தைப் பற்றிய தடையை 2020-இல் உலக சுகாதார நிறுவனமே தளர்த்திவிட்டது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உடலசைவு போதும். பத்து நிமிடத்துக்குக் குறைந்த நடை கணக்கில் வராது என்ற பழைய விதியும் போய்விட்டது. ஒரு நிறுத்தம் முன்னால் இறங்கி நடக்கும் பத்து நிமிடமும், சாப்பாட்டுக்குப் பின் ஆலை வளாகத்துக்குள் நடக்கும் பத்து நிமிடமும், திரும்பும்போது இன்னொரு பத்தும் சேர்ந்தால் அரை மணி ஆகிவிடும். விடுமுறை நாளில் ஆவடி பருத்திப்பட்டு ஏரிக்கரை போன்ற இடங்களில் கொஞ்சம் நீட்டி நடக்கலாம். ஷிஃப்ட் முடிந்து வீடு திரும்பி அடுப்படியில் இன்னொரு ஷிஃப்டைத் தொடங்கும் பெண்களுக்கு, இந்தப் பகல்நேர அரை மணியைத் தவிர வேறு வாய்ப்பே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

உணவில் முதல் மாற்றம் கேன்டீனில் நடக்க வேண்டும். இந்தியர்கள் பெறும் கலோரியில் ஏறத்தாழ 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று சென்னையை மையமாகக் கொண்ட தேசிய ஆய்வு 2025-இல் காட்டியது. அதில் சிறு பங்கைப் பருப்பு, பயறு, பால் போன்ற புரதத்துக்கு மாற்றினாலே சர்க்கரை நோய்க்கான வாய்ப்பு குறையும் என்பதே அதன் கணிப்பு. 'ஏழைக்குக் கட்டுப்படியாகும் உணவு சோறுதானே' என்பார்கள். சோற்றை விடச் சொல்லவில்லை. ஒரு கரண்டி குறைத்து, ஒரு கரண்டி சுண்டலோ கூட்டோ கூட்டினால் போதும். டீயையும் கணக்குப் பார்க்கலாம். டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்று ஷிஃப்டுக்கு நான்கு டீ குடித்தால் முப்பது கிராமைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கது என்று சொல்லும் நாள் அளவு சுமார் 25 கிராம்தான். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 250 பேருக்கு மேல் வேலை செய்யும் ஆலைகளில் கேன்டீனை வலியுறுத்தியதோடு, அதை நடத்துவதில் தொழிலாளர் பிரதிநிதிகளுக்கும் இடம் தந்தது. அந்தக் கேன்டீன் கமிட்டி விலையை மட்டும் பேசாமல், தட்டில் என்ன விழுகிறது என்பதையும் பேச வேண்டும்.

மனநலம் தனிக் கதை என்று நினைப்பவர்கள் கோவாவில் நடந்த ஆய்வைப் பார்க்கலாம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வோடு வந்தவர்களுக்கு, மனநல மருத்துவர் அல்லாத, பயிற்சி பெற்ற சாதாரண ஆலோசகர்கள் துணை நின்றார்கள். மனத்துக்கு இதம் தரும் செயல்களை ஒவ்வொன்றாக மீண்டும் தொடங்க வைத்ததுதான் சிகிச்சையின் மையம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களில் கணிசமாக அதிகம் பேர் மீண்டதாக 2017-இல் முடிவு வந்தது. இரவு ஷிஃப்டும் கடனும் அழுத்தும்போது பலரும் போய் நிற்கும் ஒரே இடம் டாஸ்மாக்காக இருப்பது நம் அமைப்பின் தோல்வி. கூட்டாளியோடு பேசிக்கொண்டு நடக்கும் பத்து நிமிடம் உடலுக்கும் மனத்துக்கும் ஒரே மருந்து. அதுவும் போதாதபோது 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம் என்று ஆலை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்க வேண்டும்.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான சான்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் ஒரு பெரிய சில்லறை வணிக நிறுவனத்தின் சுமார் 33,000 ஊழியர்களிடையே பணியிட நலத் திட்டம் ஒன்றைச் சோதித்தார்கள். பதினெட்டு மாதத்துக்குப் பிறகு பழக்கங்கள் சற்று மேம்பட்டதாக ஊழியர்கள் சொன்னார்களே தவிர, ரத்த அழுத்தத்திலோ சர்க்கரையிலோ மாற்றம் தெரியவில்லை என்று 2019-இல் அறிவித்தார்கள். அப்படியானால் சென்னையில் பலித்தது எப்படி? அங்கே எல்லோருக்கும் பொதுவான பாடம் நடந்தது. இங்கே ஆபத்தில் இருப்பவர்களைப் பரிசோதித்துக் கண்டறிந்து, ஆண்டுக்கணக்கில் விடாமல் தொடர்ந்தார்கள். அதே ராமச்சந்திரன் குழு, தென்னிந்தியப் பணியிடங்களில் 537 ஆண்களிடம் இன்னோர் ஆய்வு செய்து 2013-இல் வெளியிட்டது. இரண்டாண்டு காலம் செல்பேசிக் குறுஞ்செய்திகளால் ஊக்கப்படுத்தப்பட்டவர்களில் 18 சதவீதத்தினருக்கும், மற்றவர்களில் 27 சதவீதத்தினருக்கும் சர்க்கரை நோய் வந்தது. செலவில் மிகச் சிறியது, பலனில் பெரியது. ஆண்டுக்கு ஒருமுறை யோகா தினத்தில் பாய் விரித்துப் படம் எடுத்துக்கொள்வதால் யாருடைய சர்க்கரையும் குறையாது. பெயர் சொல்லி விசாரித்துத் தொடர்வதால் குறையும்.

பத்துப் பேர் வேலை செய்யும் பட்டறைக்குக் கேன்டீன் ஏது, கமிட்டி ஏது என்று கேட்கலாம். தனியாக முடியாததைக் கூட்டாகச் செய்ய முடியும். அம்பத்தூர் தொழிற்பேட்டை உற்பத்தியாளர் சங்கம் போன்ற அமைப்புகள் ஒரு தெருவின் பட்டறைகளைச் சேர்த்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஏற்பாடு செய்யலாம். ஒப்பந்தத் தொழிலாளரையும் வடமாநிலத்திலிருந்து வந்தவர்களையும் அந்த வரிசையில் நிறுத்த வேண்டும். நோய்க்கு நிரந்தரம், ஒப்பந்தம் என்ற பேதம் தெரியாது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டே நடையைக் கூட்டுங்கள். மற்றவர்கள் நாளைய ஷிஃப்டிலேயே சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் நடந்துவிட்டு வேலைக்குத் திரும்புங்கள். முதலாளிகளே, அந்தப் பத்து நிமிடத்தை வீணான நேரமாக எழுதாதீர்கள். அது உங்கள் தொழிலாளியின் ஆயுளில் சேருகிறது.