குழந்தையின் நடைக்கு ஏற்ப

நெடுங்காலப் பகைமைக்குப் பின்னர் தமையன் ஏசாவைச் சந்தித்த யாக்கோபு, தம்மோடு சேர்ந்து புறப்படுமாறு அவர் விடுத்த அழைப்பை ஏற்கவில்லை. பிள்ளைகள் இளையவர்கள், அவர்களின் நடைக்கு ஏற்ப மெதுவாகவே வருவேன் என்று கூறிவிட்டார். தொடக்க நூலின் 33ஆம் அதிகாரத்தில் வரும் இப்பகுதியை நாம் பெரும்பாலும் கவனியாமலே கடந்துவிடுகின்றோம். அண்ணனிடமிருந்து நழுவுவதற்கு அவர் கண்ட சாக்கு அது என்பாரும் உளர். சாக்கேயாயினும், ஒரு தந்தைக்கு மட்டுமே தோன்றக்கூடிய சாக்கு அது!

மட்டக்களப்பு வாவியோரம், கண்டல் மரங்களுக்கிடையே செல்லும் ஒற்றையடிப் பாதையொன்றில் என் சகோதரியின் ஐந்து வயது மகனோடு நடந்தபோது யாக்கோபின் சொல் நினைவுக்கு வந்தது. பெரியவர் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரம் எங்களுக்கு ஒரு மணி நேரமாயிற்று. ஒரு கொடுக்கு மட்டும் பெருத்த சிறு நண்டுகள் வளைக்குள் மறைந்து மீண்டும் தலைகாட்டும்வரை அவன் குந்தியிருந்தான். சேற்றிலிருந்து மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்த குச்சிகளை நட்டது யார் என்று வினவினான். அவை வேர்கள், சேற்றுக்குள் காற்றில்லாமையால் மூச்சு விடுவதற்கு மேலே வருகின்றன என்றேன். "மாமா, அப்ப மரத்துக்கு மூக்கு கீழயா இருக்கு?" என்றான். குருமடத்தில் பயின்ற மெய்யியலில் இதற்கு விடையில்லை.

கண்டல் இனங்கள் சிலவற்றின் வித்து, விழுந்த பின்னர் முளைப்பதில்லை. தாய் மரத்தில் தொங்கியவாறே முளைத்து, நீண்ட பச்சைக் கோல்போல வளர்ந்த பின்னரே விழுகின்றது. சேற்றில் குத்தி நின்றால் அங்கேயே வேரூன்றும். நீரில் வீழ்ந்தால் மிதந்து சென்று வேறு கரை சேரும். உப்பு நீரில் பிழைக்கவேண்டிய பிள்ளையைத் தாய் அத்தனை காலம் பற்றியிருக்கின்றது, பின்னர் விட்டுவிடுகின்றது.

விட்டுவிடுவது நம் கரையோரக் குடும்பங்களுக்கு எளிதன்று. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, திருவழிபாட்டின்படி திருக்குடும்ப விழா. அன்றைய நற்செய்தி வாசகம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்குச் சென்ற சூசையப்பரையும் மரியன்னையையும் பற்றியது. அதே காலையில் எம் கரைகளில் எத்தனை பெற்றோர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்! அதன் பின்னர் பிறந்த பிள்ளைகளைக்கூட நீரருகே விடாத தாய்மார் உண்டு. என் சகோதரியும் அவர்களுள் ஒருத்தி. மகனை என்னோடு அனுப்ப அவளுக்கு இரண்டு ஆண்டுகள் சென்றன. இந்த அச்சத்தை விசுவாசக் குறைவென்று கண்டிப்பவர்கள், அவ்வீடுகளின் சுவரில் மாலையிட்டிருக்கும் படங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பேசுவது நன்று.

இத்தாய்மாருக்கு ஒன்று சொல்வேன். பெருங்கடலை உடனே காட்டவேண்டியதில்லை. வாவியின் அமைதியான கரையில் தொடங்குங்கள். அங்கும் முதலைகள் உண்டு. ஆகையால் ஊரவர் காட்டும் பாதையை விட்டு விலகாமல், பிள்ளையின் கையைப் பற்றிக்கொள்ளுங்கள். ஆனால் அவன் நிற்கும் இடத்தில் நீங்களும் நில்லுங்கள். விதைப்பவரையும் வானத்துப் பறவைகளையும் காட்டுப் பூக்களையும் இயேசு பிரான் முதன்முதல் எங்கே கண்டிருப்பார்? நாசரேத்தூர் வயலோரத்தில், அவசரப்படுத்தாத ஒரு தந்தையின் கையைப் பிடித்திருந்தபோதுதான் என்று நான் எண்ணுவதுண்டு.

ஜூலை 26, ஆண்டவரின் பாட்டனார் பாட்டியாராகிய புனித சுவக்கீன், அன்னம்மாள் திருநாள். கண்டல் காடுகளின் பாதுகாப்புக்கென யுனெஸ்கோ 2015இல் ஏற்படுத்திய அனைத்துலக நாளும் அதுவே. காலைத் திருப்பலி முடிந்ததும் அம்மம்மாவையும் தாத்தாவையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். அவர்களின் நடையும் பிள்ளையின் நடையும் ஒத்துப்போகும்.